ஓரத்த நான் பாத்துக்கறேன்

எங்கள் தெருவில் யார் வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினாலும் கோர்வைக்கா அதில் இருப்பாள். முழுசாக இருக்க மாட்டாள். மணமக்களைச் சுற்றி ஒரு கூட்டமே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க, வலது ஓரத்தில் ஒரு தோள்பட்டை, ஒரு காது, பாதி மூக்குத்தி என்று தெரிவாள். "இன்னும் உள்ள வாங்கம்மா" என்று போட்டோக்காரர்கள் தொண்டை கிழியக் கத்தியும் அவள் நடுவுக்கு வந்ததாகச் சரித்திரம் இல்லை. என் சித்தி மகள் கல்யாண ஆல்பத்தில் அக்காவின் கை கூட இல்லை, அவள் தூக்கிக்கொண்டு திரியும் பச்சை ஒயர் கூடை மட்டும் விழுந்திருக்கிறது. அதைப் பார்த்து வீடே விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான். அவள் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது அந்தப் படத்தைப் பார்த்தால் எனக்கு அழுகைதான் வருகிறது.

கோர்வைப் புடவையில் கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம். இரண்டையும் ஒரே ஆள் நெய்துவிட முடியாது. நெய்கிறவருக்குப் பக்கத்தில், தறியின் ஓரத்தில், கரை நூல் ஓடும் நாடாவைத் தள்ள இன்னொருவர் உட்கார்ந்தாக வேண்டும். பெரிய காஞ்சிபுரத்தில் இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். அக்கா பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து தன் அண்ணன் தறியில் அந்த ஓரத்தில் உட்கார்ந்தவள். அவர்கள் வீட்டில் அது வலது பக்கம். "கோர்வைக்கு உக்கார்ற அக்கா" என்று எவரோ சொல்லப் போய், அது தேய்ந்து கோர்வைக்கா ஆகிவிட்டது. பெரியவர், சின்னவர், பால்காரர், எல்லோருக்கும் அவள் கோர்வைக்காதான்.

பிறகு அண்ணனுக்குக் கல்யாணம் நடந்தது. வந்த அண்ணி கெட்டிக்காரி. சீக்கிரமே நாடா தள்ளக் கற்றுக்கொண்டாள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரு தறியில் உட்காருவதை யார் குறை சொல்ல முடியும்? அக்காவை யாரும் எழுந்திரு என்று சொல்லவில்லையாம். ஒருநாள் காலையில் தலைக்குக் குளித்துவிட்டு வந்து பார்த்தால் தறியோரப் பலகையில் இவள் இடத்தில் அண்ணி உட்கார்ந்திருந்தாளாம். என்னிடம் இதை ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறாள். "எனக்கு வருத்தம்லாம் இல்லமா. அவளுக்கு நல்லாவே கை வந்துச்சு" என்றாள். வருத்தம் இல்லை என்று கேட்காமலே சொல்லுகிறவர்களை நான் இப்போதெல்லாம் நம்புவதில்லை.

அவளுக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்பதற்குத் தெருவில் நாலைந்து கதை உண்டு. ஒன்றும் நம்பும்படி இல்லை, விட்டுவிடுகிறேன்.

தறியில் இடம் போன பிறகுதான் அவள் ஊருக்கெல்லாம் துணைக்குப் போக ஆரம்பித்தாள். ரேஷன் கார்டில் பேர் சேர்க்கவா, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவா, ஸ்கேன் எடுக்கவா, கோர்வைக்கா தயார். கூடையில் தண்ணீர் பாட்டில், இரண்டு ஊக்கு, பஸ்ஸில் குமட்டினால் முகர ஒரு எலுமிச்சம்பழம், கீழே விரித்து உட்காரப் பழைய பேப்பர். கூட வந்தால் தொணதொணக்க மாட்டாள். நமக்கு வலது பக்கம், ஒரு சாண் பின்னால் தள்ளி, பாதி இருக்கையில்தான் உட்காருவாள். பஸ்ஸானாலும் ஆஸ்பத்திரி பெஞ்சானாலும் அதே பாதிதான். நமக்கு எது வேண்டுமோ அது கேட்பதற்கு முன்னால் கைக்கு வந்துவிடும். பேனா தேடினால் பேனா, தும்மினால் கைக்குட்டை. பக்கத்து வீட்டு மாமா பல் பிடுங்கிக்கொள்ளப் போனபோது இவள் தன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு "ஐயோ அம்மா" என்று அலறியிருக்கிறாள். "பல்லு போனது எனக்கு, கத்துனது அவ" என்று மாமா தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அவளுக்கென்று வசனம் ஒன்றே ஒன்றுதான். யாராவது பயந்தால், தயங்கினால், "நீ உன் வேலையப் பாருமா, ஓரத்த நான் பாத்துக்கறேன்" என்பாள். அதைக் கேட்டால் நிஜமாகவே தைரியம் வரும். எனக்கு வந்திருக்கிறது.

சாமி கும்பிடவும் அவள் யாருக்காவது துணையாகத்தான் போவாள். காமாட்சியம்மன் கோவிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது குருக்கள் பேரும் நட்சத்திரமும் கேட்பார் அல்லவா, இவள் எங்கள் தெருவில் உள்ள நோயாளி, பிள்ளைத்தாய்ச்சி, பரீட்சை எழுதுகிற பையன் என்று ஒரு வரிசையே சொல்வாள். தெருவின் மொத்த நட்சத்திரமும் அவளுக்கு மனப்பாடம். என் நட்சத்திரத்தில் எனக்கே சந்தேகம் வந்தால் அவளைத்தான் கேட்பேன். ஒருமுறை, "உனக்குப் பண்ணிக்கலயாக்கா?" என்றேன்.

"எனக்கு இன்னாமா தனியா? சாமி பேருக்கே ஒண்ணு பண்ணிடச் சொல்லிட்டேன்" என்றாள்.

இப்படிப்பட்டவளைக் கூட்டிக்கொண்டுதான் நான் சென்னையில் காலேஜ் காலேஜாக ஏறி இறங்கினேன். உள்ளூர்க் கல்லூரியில் பி.காம் முடித்திருந்தேன். கடைசி வருடம் என்.எஸ்.எஸ். முகாமுக்காக முசரவாக்கம் கிராமத்தில் ஒரு வாரம் தங்கினோம். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். மற்றவர்கள் ஒரு தெருவை முடிக்கும் நேரத்தில் நான் ஒரு வீட்டில் உட்கார்ந்து கதை கேட்டுக்கொண்டிருந்தேன். முகாமுக்குப் பொறுப்பான மேடத்திடம் திட்டு வாங்கினேன். ஆனால் எனக்கு என்ன வேலை வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துவிட்டது. எம்.எஸ்.டபிள்யூ. என்று ஒரு படிப்பு இருப்பதாக அதே மேடம்தான் சொன்னார்.

வீட்டில் சொன்னதும் ரகளை. அப்பா பட்டு ஜவுளிக் கடையில் சேல்ஸ்மேன். நாளெல்லாம் புடவையை விரித்து விரித்து மடிக்கிறவர். "சோஷியல் வொர்க்குனா இன்னாமா? சேவைதானே? அத சும்மாவே செய்யலாமே, எதுக்கு ரெண்டு வருஷம் படிக்கணும்?" என்று கேட்டார். என் பெரியப்பா இன்னும் ஒரு படி மேலே போய், "அரசியலுக்கு வரப் போறியா?" என்றார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் எப்போதும் இருக்கும். சாப்பிடாமல் இரண்டு வேளை படுத்தேன். மூன்றாவது வேளை அப்பா இறங்கி வந்தார். ஒரு நிபந்தனை போட்டார். "மெட்ராஸ்ல எங்க வேணா பாரு. தெனம் போயிட்டு வர்றா மாதிரி இருக்கணும். தனியா தங்க வுட மாட்டேன்."

அம்மாவுக்குப் பஸ் ஏறினாலே வாந்தி. அப்பாவுக்குக் கடையில் முகூர்த்தக் கூட்டம். ஆகவே கோர்வைக்கா.

முதலில் போனது ஒரு பழைய பெரிய கல்லூரி. வாசலிலேயே கார்கள் வரிசை கட்டி நின்றன. பத்துப் பேரை வட்டமாக உட்காரவைத்து ஒரு விஷயத்தைக் கொடுத்து விவாதிக்கச் சொன்னார்கள். இங்கிலீஷ் மழையாகப் பொழிந்தது. நான் வாயைத் திறக்க நினைக்கும்போதெல்லாம் இன்னொருத்தி முந்திக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே மரத்தடியில் பேப்பரை விரித்து உட்கார்ந்திருந்த அக்கா, நான் திரும்பும்போதெல்லாம் ம், ம் என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

வெளியே வந்ததும், "நல்லா பேசுனியாமா?" என்றாள்.

"பேசுனேன்கா."

"பொய்யி. வாயே அசையல. பாத்துக்கினுதானே இருந்தேன்."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அந்த இடம் கிடைக்காது என்று எனக்கு அப்போதே தெரியும். ரயிலில் திரும்பும்போது எனக்கு அழுகை முட்டியது. அக்கா ஒன்றும் கேட்காமல் எலுமிச்சம்பழத்தை எடுத்து என் கையில் வைத்தாள். எனக்கு வாந்தி வரவில்லை. ஆனாலும் முகர்ந்துகொண்டே வந்தேன்.

இரண்டாவது, ரயில் பாதையை ஒட்டியே இருந்த ஒரு புதுக் கல்லூரி. போன அன்றைக்கே "சீட் இருக்குது, சேர்ந்துக்கோ" என்றார்கள். ஆனால் அங்கே இருந்தது எச்.ஆர். பிரிவு மட்டும். இரண்டாம் வருடத்தில் எல்லோரும் அதைத்தான் படிக்க வேண்டும். "ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனில எல்லாம் வேலை காத்துக்கினு இருக்குது" என்றார் ஆபீஸில் இருந்தவர். அப்பாவுக்கு வாயெல்லாம் பல். தினம் ரயிலில் போய் ரயிலில் வரலாம். கம்பெனி வேலை. சேவையும் இல்லை, அரசியலும் இல்லை. அவர் கேட்ட எல்லாம் ஒரே இடத்தில் இருந்தது.

அக்காவும் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. "காலைல ஸ்டேஷன் வரைக்கும் நான் வருவேன்மா. சாயந்திரம் வந்து நிப்பேன். என்னிக்காச்சும் லேட்டாச்சுனா செங்கல்பட்டு வரைக்கும்கூட வந்து கூட்டிக்கினு வருவேன், இன்னா இப்போ" என்றாள். எந்தப் பெட்டியில் ஏறினால் இறங்கும்போது படிக்கட்டு பக்கத்தில் வரும் என்பது வரைக்கும் பார்த்து வைத்துவிட்டாள். நான் சேர்வதாக இன்னும் சொல்லக்கூட இல்லை.

எனக்குக் கம்பெனியில் லீவு கணக்குப் பார்க்கும் வேலை வேண்டாம். ஆஸ்பத்திரி வார்டில், ஒருவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் வேலை வேண்டும். மருத்துவ, மனநலப் பிரிவு இருந்த ஒரு பெண்கள் கல்லூரியிலிருந்து இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்தது. அது நகரத்தின் நடுவில். ஃபீல்ட் வொர்க் முடிந்து கிளம்பினால் காஞ்சிபுரத்துக்கு வண்டி பிடிக்கவே முடியாது. கட்டாயம் ஹாஸ்டல். "சும்மா போயிட்டு வா. கெடச்சாலும் அனுப்ப மாட்டேன்" என்று சொல்லித்தான் அப்பா அனுப்பினார்.

வைகாசி கருடசேவை முடிந்த மறு வாரம் அது. திருவிழாவுக்கு வந்த கூட்டம் இன்னும் ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் நிற்க இடமில்லாமல் போய்ச் சேர்ந்தோம். என் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்தேன். அக்காவும் கூடையோடு எழுந்தாள். வாசலில் இருந்த அட்டெண்டர் அவளை என் அம்மா என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, தடுக்கவில்லை. எனக்கும் முதலில் வித்தியாசமாகப் படவில்லை. அவள் என் பக்கத்தில் வருவது எனக்கு அவ்வளவு பழகியிருந்தது.

மேஜைக்கு அந்தப் பக்கம் வயதான ஒரு மேடமும், அவருக்குப் பக்கத்தில் இளவயது சார் ஒருவரும். இந்தப் பக்கம் ஒரே ஒரு நாற்காலி. நான் அதில் உட்கார்ந்தேன். சுவரோரம் கிடந்த இன்னொரு நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கி வந்து, எனக்கு வலது பக்கம், ஒரு சாண் பின்னால் போட்டு அக்கா பாதியில் உட்கார்ந்தாள். மேடம் மார்க் ஷீட் கேட்டார். நான் கையை நீட்டுவதற்குள் அது என் கையில் இருந்தது. டிசி கேட்டார். அதுவும் வந்தது. நான் பதில் சொல்லச் சொல்லப் பக்கத்தில் ம், ம் என்று தலை ஆடியது.

இளவயது சார் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீங்க யாரும்மா? அம்மாவா?"

"இல்ல சார். துணைக்கு வந்தேன்."

"இன்டர்வியூக்கெல்லாம் துணைக்கு உள்ள வரக் கூடாதும்மா."

அக்காவுக்கு நிஜமாகவே புரியவில்லை. "நான் வாயே தொறக்க மாட்டேன் சார். ஓரமாத்தானே இருக்கறேன்" என்றாள்.

"பரவால்லம்மா, வெளிய உக்காருங்க. கூப்புடறோம்" என்றார் மேடம், கனிவாகத்தான் சொன்னார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் காது இரண்டும் சூடாகிக்கிடந்தன. நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சுவரோரம் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஓசைப்படாமல் வெளியே போனாள். கதவைச் சாத்தலாமா கூடாதா என்று தெரியாமல் பாதி சாத்தினாள்.

"யாரு இவங்க?" என்றார் மேடம்.

"எங்க தெரு மேடம். கோர்வைக்கா."

"பேர் என்ன?"

"கோர்வைக்கானுதான் எல்லாரும் கூப்புடுவோம் மேடம்."

மேடம் கண்ணாடிக்கு மேலாக என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் விட்டுவிட்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது. அவள் பேர் என்னவாக இருந்தால் என்ன, அதற்கும் என் சீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன்.

"ஃபீல்ட் வொர்க்ல தெரியாத வீட்டுக்குப் போகணும். வார்டுக்குப் போகணும். மனநலக் காப்பகத்துக்குப் போகணும். உன்கூட யாரும் வர மாட்டாங்க. உன்னால தனியா போக முடியுமா?"

"முடியும் மேடம்."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. அதனால் இன்னொருமுறை பலமாகச் சொன்னேன். "முடியும் மேடம். எனக்குத் துணையெல்லாம் வேணாம்."

பாதி சாத்திய கதவின் இடுக்கில் தரையில் பச்சை ஒயர் கூடை தெரிந்தது. அவள் அதற்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் சொன்னது பொய்யில்லை. அன்றைக்கு அதைச் சொல்லாவிட்டால் எனக்கு அந்த இடம் இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அது அவள் காதில் விழுந்தது என்பது வேறு விஷயம்.

வெளியே வந்தபோது, "ஆச்சாமா?" என்று மட்டும் கேட்டாள். திரும்பி வரும்போது பஸ் காலியாக இருந்தது. நான் இரண்டு பேர் சீட்டில் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்து அவளுக்கு இடம் விட்டேன். அவள் வரவில்லை. நடைபாதைக்கு அந்தப் பக்கம், எனக்கு ஒரு வரிசை முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். கூடையை மடியில் வைத்து, அதை வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, குனிந்தே வந்தாள். கோபித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். எனக்கும் வீம்பு. ஸ்ரீபெரும்புதூர் தாண்டித்தான் மனசு கேட்காமல் எழுந்துபோய்க் குனிந்து கேட்டேன்.

"இன்னாக்கா, வயிறு வலிக்குதா?"

"இல்லமா. பசி. நீ போய் உக்காரு."

பஸ் நின்ற இடத்தில் வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தேன். கையில் வைத்துக்கொண்டே வந்தாள், உரிக்கவில்லை.

ஒரு வாரத்தில் இடம் கிடைத்துவிட்டதாகப் போன் வந்தது. வீட்டில் மறுபடி போர். "ரயில் காலேஜ் இருக்கும்போது ஹாஸ்டல் காலேஜ் எதுக்கு? தனியா ஒரு பொண்ணு அந்த ஊர்ல எப்படி இருப்பா?" என்று அப்பா கத்தினார். நான் பதிலுக்குக் கத்தினேன். அம்மா அழுதாள். தெருவே கேட்டது. அப்போதுதான் கோர்வைக்கா எங்கள் வீட்டுக்குள் வந்தாள். வாசற்படியைத் தாண்டி கூடத்தின் நடுவில் வந்து நின்றாள். அவளை அப்படி நடுவில் பார்ப்பது எங்கள் எல்லோருக்கும் புதுசு. அப்பாவே வாயை மூடிக்கொண்டார்.

"அவள அனுப்புண்ணா" என்றாள்.

"உனக்குத் தெரியாதுமா. தனியா..."

"எனக்குத்தாண்ணா தெரியும். நானே கூடப் போனேன்ல? உள்ள தனியாத்தான் போனா. தனியாத்தான் உக்காந்து பேசுனா. நான் வெளிய உக்காந்திருந்தேன். இது தனியா போற பொண்ணுண்ணா. வுட்டுடு."

உள்ளே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்ததை அவள் சொல்லவே இல்லை. மார்க் ஷீட்டை என் கையில் வைத்தது யார் என்றும் சொல்லவில்லை. ஊருக்கே துணை போகிறவள் சொல்லிவிட்டாள், இவளுக்குத் துணை வேண்டாம் என்று. அதற்கு மேல் அப்பாவால் என்ன பேச முடியும்? அந்த ஒரு சொல்லில் எனக்கு ஹாஸ்டல் கிடைத்தது. அவளுக்குக் காலையில் ஸ்டேஷனும் சாயங்காலம் ஸ்டேஷனும் போயிற்று. எனக்கு அப்போதே அது தெரிந்தது. சந்தோஷத்தில் தெரியாதது மாதிரி இருந்துகொண்டேன்.

கிளம்பிய அன்று ஸ்டேஷனுக்கு வருவாள் என்று நினைத்தேன். தெருமுனை வரைக்கும்தான் வந்தாள். கூடைக்குள் கைவிட்டு எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். நான் ஆட்டோவிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தேன். திரும்பிப் பார்க்கிற பழக்கமெல்லாம் அவளுக்குக் கிடையாது.

ஹாஸ்டலில் முதல் மாதம் நரகம். யாருக்கும் தெரியாமல் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். துணை வேண்டாம் என்று பலமாகச் சொன்னவள் அல்லவா, வெளியே சொல்லவும் முடியாது. ஃபீல்ட் வொர்க்குக்கு ஒரு அரசு ஆஸ்பத்திரியில் போட்டார்கள். வார்டுக்குள் முதல் தடவை நுழைந்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஒரு நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், வலது பக்கம் ஒரு சாண் பின்னால், பாதி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். எனக்கே சிரிப்பு வந்தது. ஊருக்குப் போனதும் அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன்.

இரண்டு தடவை ஊருக்குப் போனேன். ஒரு தடவை அவள் யாருக்கோ பிரசவத்துக்குத் துணை போயிருந்தாள். இன்னொரு தடவை தெருவில் பார்த்தேன். இளைத்திருந்தாள். "இன்னாக்கா இப்படி ஆயிட்ட?" என்றேன். "நீ இல்லல்ல, அலைச்சல் கொறைஞ்சு போச்சு" என்றாள். அலைச்சல் குறைந்தால் யாராவது இளைப்பார்களா? கேலி செய்துவிட்டு வந்துவிட்டேன்.

பொங்கலுக்கு லீவில் வந்திருந்தபோது வாசலில் வந்து நின்றாள்.

"நாளைக்கு உனக்கு வேலை இருக்குதாமா?"

"இல்லக்கா. ஏன்?"

"ஆஸ்பத்திரி வரைக்கும் வரணும்."

"யாருக்கு?"

"வாயேன். நான் முன்னாடியே போய் சீட்டு எடுத்து வெச்சிடறேன். நீ மெதுவா வா."

யாருக்கோ உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரி நடைமுறை எனக்குத் தெரியும் என்பதால் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். எனக்குப் பெருமைதான். பேட்ஜ் எல்லாம் மாட்டிக்கொண்டு போகவில்லை, அவ்வளவுதான். மறுநாள் காலையில் போனபோது வெளிநோயாளிகள் கூடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு கூட்டம். அக்கா ஒரு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கூடையை வைத்து எனக்கு இடம் பிடித்திருந்தாள்.

"ஆளு எங்கக்கா?"

"உக்காரு. கூப்புடுவாங்க."

உட்கார்ந்தேன். ஹாஸ்டல் கதை, வார்டு கதை, பாதி ஸ்டூல் கதை எல்லாம் சொன்னேன். ஸ்டூல் கதைக்கு அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

நர்ஸ் கதவருகே வந்து ஒரு பெயரைக் கூப்பிட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. எனக்குள் இருந்த எம்.எஸ்.டபிள்யூ. விழித்துக்கொண்டது. இப்படித்தான் பாவம், காது கேட்காத ஜனங்கள் முறையைக் கோட்டைவிட்டு நாளெல்லாம் காத்துக்கிடக்கும். எழுந்து நின்று கூடத்தைப் பார்த்து, அதே பெயரைச் சொல்லிக் கூவினேன். "யாரும்மா அது? பேர் கூப்புடறாங்க பாருங்க! சீக்கிரம் வாங்க!" பின் பெஞ்சில் ஒரு வயதான அம்மாவின் தோளைத் தொட்டு, "நீங்களாம்மா?" என்றுகூடக் கேட்டேன்.

என் துப்பட்டாவை யாரோ பிடித்து இழுத்தார்கள். திரும்பினேன்.

"கத்தாதமா" என்றாள் அக்கா. "அது நான்தான்."

பிறந்ததிலிருந்து அவளைத் தெரியும். அவள் பேர் எனக்குத் தெரியாது. அழகான பேர். காமாட்சியம்மன் கோவிலில் ஒரு தரம்கூட அந்தப் பேருக்கு அர்ச்சனை நடந்து நான் கேட்டதில்லை. அதை இங்கேயும் நான் எழுதப் போவதில்லை. எழுதினால் தெருவில் படிக்கிறவர்கள், யாருடி இது என்று என்னைத்தான் கேட்பார்கள்.

"கூட யாரு வந்திருக்கீங்க?" என்றார் நர்ஸ்.

இன்றைக்குச் சென்னையில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் தினமும் நான் கேட்கும் கேள்வி இது. முதலில் பேரைக் கேட்காமல் நான் அதைக் கேட்பதே இல்லை.

"நான் வந்திருக்கேன் சிஸ்டர்" என்றேன்.

உள்ளே டாக்டரம்மாவுக்கு எதிரில் ஒரே ஒரு ஸ்டூல். அக்கா பழக்க தோஷத்தில் என்னை அதில் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு ஓரமாக நின்றாள். "நீதான்கா உக்காரணும்" என்று தோளைப் பிடித்து உட்காரவைத்தேன். பாதியில்தான் உட்கார்ந்தாள். நான் அவளுக்கு வலது பக்கம் போய் நின்றேன். நீ உன் வேலையப் பாருக்கா, ஓரத்த நான் பாத்துக்கறேன் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. அவள் கூடையை வாங்கி ஓரமாக வைத்தேன்.

"எங்க வலி? எவ்ளோ நாளா?" என்றார் டாக்டரம்மா.

அக்கா பதிலுக்காக என்னை நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு என்ன தெரியும்? அவளே சொல்லிக்கொள்ள வேண்டும் என்பது புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"வயித்துல. வைகாசியிலருந்து" என்றாள். அப்புறம் டாக்டரை விட்டுவிட்டு என்னிடம் சொன்னாள். "நீ உள்ள பேசிக்கினு இருந்தல்ல, அந்தக் காலேஜ்ல. அன்னிக்குத்தான் மொதல்ல வந்துது."

டாக்டரம்மா அவளைப் படுக்கவைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். ஒரு இடத்தில் கை நின்றது. மறுபடி அழுத்தினார். முகம் மாறிவிட்டது. அப்படி மாறினால் என்ன அர்த்தம் என்று அந்த ஆறேழு மாதத்தில் நான் கற்றுக்கொண்டிருந்தேன். கற்றுக்கொள்ளாமலே இருந்திருக்கலாம்.

"ஏம்மா, இத்தன மாசமா இத வயித்துல வெச்சிக்கினு சும்மாவா இருந்த? அப்பவே வர வேண்டியதுதானே?" என்று கோபித்துக்கொண்டார் டாக்டரம்மா.

அக்கா புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்து உட்கார்ந்தாள். கூடை எங்கே என்று தேடினாள். எடுத்துக் கொடுத்தேன். அதை மடியில் வைத்துக்கொண்டு, இதிலென்ன கேட்பதற்கு இருக்கிறது என்பது போலச் சொன்னாள்.

"துணைக்கு ஆளு இல்லீங்க."